சமர்த்துப் பொட்டலம்

கீலுங்கில் மழை பெய்வது செய்தியில்லை.
நின்றால்தான் சன்னலைத் திறந்து பார்ப்போம்.
துறைமுகத்தை ஒட்டிய மூன்றாம் மாடி,
கப்பல் சரக்குக்குச் சீட்டு அடித்துத் தரும் அலுவலகம்.
நாங்கள் நான்கு பேர்,
ஐந்தாவதாக ஒரு பிரிண்டர்.
ஐவரில் அதற்குத்தான் கோபம் அதிகம்.

தாள் வைத்த பிறகும் தாள் இல்லை என்னும்.
நீல மை தீர்ந்துபோனதால்
கறுப்பில் அடிக்க மாட்டேன் என்னும்.
அவசரத்தின் வாடை அதற்குத் தெரியும்:
கப்பல் நங்கூரம் தூக்க நாற்பது நிமிடம் என்றால்
முப்பத்தொன்பது நிமிடம்
தயாராகிக்கொண்டே இருக்கும்.

அதன் தலைமேல் ஒரு பச்சைப் பொட்டலம்.
தேங்காய் வாசனைச் சோளப் பொரி.
பெயரே 'சமர்த்து, சமர்த்து' என்று
பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சொல்தான்.
பச்சையாகத்தான் இருக்க வேண்டும்,
பச்சை விளக்கு எரிவதற்கு.
சிவப்பு வைத்த வங்கி ஒன்று
மூன்று நாள் இருண்டு கிடந்ததாம்.
எந்த வங்கி என்று கேட்டால்
சொன்னவருக்குச் சொன்னவருக்குத்தான் தெரியும்.
தேதி தாண்டக் கூடாது.
தின்னவே கூடாது.

திருமதி சுவாங் பொட்டலத்துக்குப் பொறுப்பு.
வதந்திகளுக்கும் அவரே கிடங்கு.
புதுக் கைபேசி கடைக்கு வரும் மாதம்
பழையதற்குத் தானே மூச்சிரைக்குமாம்.
இரவு முழுக்கச் சார்ஜ் போட்டால் பேட்டரி ஊதும்;
போன வாரம் அவரே சொன்னது,
பாதியில் பிடுங்கினால்தான் ஊதும்.
நனைந்ததை அரிசியில் புதை.
போ-ஹான் புதைத்தான்.
கைபேசி பிழைக்கவில்லை.
அரிசியை வீணாக்க மனமில்லாமல் வடித்துத் தின்றான்,
சிம் தட்டு பல்லில் கடிபட்டது.

அந்தப் புதன்கிழமை
யாரும் கேட்காமல் அப்டேட் வந்து இறங்கியது.
நான்கு திரையிலும் ஒரே சக்கரம்.
முப்பது சதவீதம்.
முப்பது சதவீதம்.
நம்பிக்கை எட்டிப் பார்த்த நேரம், இருபத்தெட்டு.
அணைக்காதீர்கள் என்றது,
பிரசவ அறை வாசலை மறிக்கும் நர்சு மாதிரி.

இரவு ஒன்பதுக்கு வந்தார் லியாவ்,
தலைக்கவசத்தில் நீர் ஒழுக.
"யாராவது நடுவில் அணைத்தீர்களா?"
இல்லவே இல்லை என்றோம், நாலு பேரும் ஒரே குரலில்.
அந்த ஒரே குரலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.
மற்றவர்கள் போனார்கள்.
சாவி என்னிடம், நான் இருந்தேன்.

நள்ளிரவுக்கு மேல்
பிளாஸ்டிக் கிழியும் சத்தம்.
எட்டிப் பார்த்தேன்:
ஒரு கை விசைப்பலகையில்,
ஒரு கை பொட்டலத்துக்குள்.
மதியமே சாப்பிடவில்லை என்றார்,
மீசையில் பொடி.
"கீழேயே கடை இருக்கிறதே, இருபத்துநாலு மணி நேரமும்."
"மழை" என்றார்.
பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

எடுத்துக்கொண்டேன்.
நமுத்துப் போயிருந்தது.
புரட்டிப் பார்த்தேன், தேதி முடிந்து ஏழு மாதம்.
"இதனால்தான்" என்றார் லியாவ்.
"எதனால்?"
அவர் பதில் சொல்வதற்குள்
பிரிண்டர் செருமியது.
செவ்வாய்க்கிழமை கேட்ட நாற்பது பக்கம்
ஒவ்வொன்றாக, சூடாக,
கப்பல் கிளம்பிப் போன சரக்குகளுக்கான சீட்டு.

விடிவதற்குமுன் கடைக்கு ஓடினேன்.
மஞ்சள் இருந்தது, சிவப்பு இருந்தது.
அந்த நாற்பது பக்கத்தையும் கசக்கி
காலிப் பொட்டலத்துக்குள் திணித்து
டேப் ஒட்டி உச்சியில் வைத்தேன்,
கிழிசல் சுவரைப் பார்க்க.

காலையில் திருமதி சுவாங் வந்தார்,
அதை இரண்டு தட்டுத் தட்டினார்.
கணினிகள் சக்கரத்தை விட்டுவிட்டு
வணக்கம் சொல்லின.

இப்போது மூன்று மாதம்.
ஒரு தாளும் சிக்கவில்லை.
நேற்றுத் தேநீர் நேரத்தில் குரலைத் தாழ்த்தினார்:
"தைச்சுங்கில் ஓர் அலுவலகத்தில்
யாரோ பொட்டலத்தைத் தின்றுவிட்டார்களாம்..."

"ஐயோ" என்றேன்,
"அப்புறம்?"