எலி முதல் கிரேல் வரை

பேருந்தின் நெற்றியில் ஓடிய பெயரை
எலி என்று படித்தாள் ஜெசிமா.
ஈலி, என்று திருத்திய ஓட்டுநருக்கு
நாங்கள் சிரித்த காரணம் விளங்கவில்லை.
இறங்கும்போது ஒன்பது இருபது.
கடல் வெகுதூரம் உள்வாங்கி
பாறைகளைக் காயப் போட்டிருந்தது.

எக்ஸ்ரே அறையில் நாலு வருஷம்
அடுத்தவங்க எலும்பைப் பார்த்தாச்சு,
இன்னிக்கு நம்ம எலும்பு நடக்கட்டும்
என்றவள் அவள்தான்.
செயின்ட் மொனன்ஸ் எட்டுமுன்பே
அவளுடைய இடது ஷூ வாய் பிளந்தது.
அடிக்கு ஒரு கைதட்டல்.

துறையில் நண்டுக்கூண்டு பின்னிக்கொண்டிருந்தவர்
ஒன்றும் கேட்கவில்லை.
காலை நீட்டு என்று தாடையால் ஒரு சைகை.
ஆரஞ்சு நைலான் கயிறு
பாதத்தைச் சுற்றி மூன்று, கணுக்காலில் ஒன்று,
பல்லால் இழுத்து முடிந்தார்.
காசை நீட்டினோம்.
கிரேல் வரை தாங்கும், என்றார்.
வேண்டாம் என்பதை இங்கே
இப்படித்தான் சொல்வார்கள் போலும்.

பிட்டன்வீம்.
பிட்டையும் வீமனையும் பெயரில் வைத்துக்கொண்டு
நாங்கள் போன நேரத்தில்
ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.
மீன் ஏலக்கூடத்தில் கழுவிவிட்ட தரை.
கடற்காகம் ஒன்று
எங்கள் பையை எடை போட்டுப் பார்த்தது.

ஆன்ஸ்ட்ரதரில் வரிசையில் நின்று
ஹாடக்கும் சிப்ஸும்.
காகிதத்தை ஊறவைத்த வினிகர்
மணிக்கட்டு வழியே சட்டைக்குள் இறங்கியது.
மிளகாய்த்தூள் கொண்டுவந்திருந்தாள்,
வாரத்துக்கான மாத்திரை டப்பாவில்,
வியாழன் என்ற அறையில்.

அதற்கப்புறம் ஊரே இல்லை.
ஒருபக்கம் பார்லி, ஒருபக்கம் தண்ணீர்,
நடுவே ஒற்றையாள் அகலம்.
முன்னால் நடப்பவள் பேச்சை
காற்று பாதியில் பிடுங்கிக்கொண்டது.

கேப்லி குகைகளில்,
காற்று அரித்த செம்மஞ்சள் பாறையை
விரலால் சுரண்டியபடி சொன்னாள்:
லெஸ்டரில் வேலை. ஒன்றாம் தேதி.
பாறையிடம்தான் சொன்னாள்.
நான் சும்மா அருகில் இருந்தேன்.
சந்தோஷம் என்றேன்.
பிறகு, வாயில் வந்ததை:
இனி என் நைட் ஷிஃப்டை யார் மாத்திக்குவா?

நெய்தலுக்கு இரங்கல் என்று
பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதினேன்.
இங்கே இரங்க முடியவில்லை.
ஒரு கை தொப்பியைப் பிடிக்க,
மறு கை காஞ்சொறியை விலக்க,
மூக்கு தன்பாட்டுக்கு ஒழுகியது.

கிரேலின் செங்குத்துத் தெருவில் ஏறி முடிக்கையில்
ஐந்தே முக்கால் பேருந்து
எங்கள் கண்முன்னே வளைந்து போனது.
அடுத்ததற்கு ஒரு மணிநேரம்.
சுவரில் உட்கார்ந்து
முடிச்சை நகத்தால் நெம்பினேன்,
வீட்டுச் சாவியால் நெம்பினேன்.
உப்பில் ஊறி இறுகியிருந்தது.
விடு, கூசுது, என்றாள்.

இரவு பதினொன்றுக்கு ஒரு படம் வந்தது:
குளியலறைத் தரை, கயிற்றோடு ஷூ,
பக்கத்தில் கத்தரிக்கோல்.
வெட்டவா?

காலை ஏழுக்கு டியூட்டி.
வெட்டு, என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து
கத்தரிக்கோல் மழுங்கல், என்றாள்.