அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ

படிவத்தில் மூன்றாம் கேள்வி: கூட்டின் எடை.
பிப்ரவரி. நாரைகள் இன்னும் நைலுக்கு அப்பால் எங்கோ.
மின்வாரியத்து ஸெனோபியுஷ் பாரந்தூக்கியில் ஏறி
சாய்ந்த கம்பத்தின் தலையிலிருந்து அதைக் கழற்றினான்,
கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல், கெட்ட வார்த்தையோடு.
தீவன ஆலையின் எடைமேடை சொன்னது: 612.

நான் மாவட்ட அலுவலகம், அறை பதினான்கு.
நான்காம் கேள்வி: உள்ளடக்கம்.
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

மேலே, வைக்கோல் கட்டும் நீல நைலான் கயிறு.
ஒரு வேட்பாளரின் பாதி முகம் (தோற்றவர்).
ஒற்றைக் கையுறை.
குதிரையின் கடிவாள வார்;
இந்த ஊரில் குதிரை நின்று முப்பது வருடம்.
இன்னும் கீழே, எங்கள் அலுவலக அளவைநாடா, பதினோரு மீட்டர்.
யாரோ சம்பளத்தில் கட்டியிருப்பார்.
பக்கப் பொந்துகளில் சிட்டுக்குருவிகளின் இறகு,
நாரை வாடகை கேட்டதில்லை போலும்.
அடியில் எலும்பு, எச்சம், கரிய மண்.
மண்ணில் ஒரு பிர்ச் கன்று,
ஒரு சாண் உயரம்,
தரையைத் தொட்டே அறியாதது.

ஐந்து: எந்த நிர்வாக எல்லை?
மாவட்டத்தை எழுபத்தைந்தில் கலைத்தார்கள்,
தொண்ணூற்றொன்பதில் திருப்பித் தந்தார்கள்.
இடையில் இருபத்துநான்கு வசந்தம்
இல்லாத மாவட்டத்துக்கு
நாரை தவறாமல் வந்துபோயிற்று.
அதற்கு முன்னால் ஜார், அப்புறம் யார் யாரோ.
பனிப்பாறை வடக்கிலிருந்து உருட்டிவந்த கற்களை
வயலிலிருந்து பொறுக்கியபடியே இருந்தார்கள்,
எல்லாக் கொடியின் கீழும் அதே முதுகுவலி.
வேலியோரம் குவித்ததில் சிலவற்றைப்
புரட்டினால் எழுத்து இருக்கிறது,
வலமிருந்து இடமாக.
அவற்றைப் பற்றி என் படிவத்தில் கேள்வி இல்லை.

புதுக் கான்கிரீட் கம்பம். மேலே இரும்பு மேடை.
பழைய சுள்ளியில் அறுபது கிலோ மட்டும் வைத்து
சுண்ணாம்பைத் தெளித்து இறங்கினோம்,
ஆளிருந்த வீடு என்று நம்பவேண்டுமே.
பிர்ச் கன்றை எங்கே நட்டான் என்று
ஸெனோபியுஷ் சொல்லவில்லை.
மீதியைச் சதுப்பில் கொட்டினோம்.
மார்ச்சில் பியெப்ஷா நதிக்குக் கரை கிடையாது,
புல்வெளி முழுக்க வானம் நிற்கும்.

இருபத்தேழாம் தேதி காலை
எதிர்வீட்டு நாஜெயா போன் செய்தாள்:
"உங்கள் ஆள் வந்தாச்சு. ஏதோ தூக்கிக்கிட்டு வருது."
என்ன என்றேன்.
பைனாகுலரைத் தேடிப் போனாள், வந்தாள்.
ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாடா.

நேற்றுதான் கட்டினோம்,
புது எல்லை இங்கே என்று குறிக்க.