நாளுக்கு நாலு நிமிஷம்

ஏலம் முடிய ஒன்பது மணி நேரம் இருக்கிறது.
தலைஞாயிற்றில் கரண்ட் இல்லை.
போனில் முப்பத்தொரு சதவீதம்.
கடிகாரம் அரிசி டப்பாவுக்குள், வேட்டிக் கிழிசலில் சுற்றி.

இருபது வருஷ வேலைக்குச் சிங்கப்பூர் முதலாளி
வைரக்கண்ணு கையில் கட்டி அனுப்பியது.
இறால் குட்டையில் வெள்ளைப்புள்ளி விழுந்த மாசம்
கழற்றி என்னிடம் கொடுத்தார்.
“நீதான் ஆளைப் படிக்கிறவ. வித்துடு.”

எங்கே படிப்பது?
சந்தையென்றால் செருப்பைப் பார்ப்பேன்.
கருவாட்டை முகராமல் விலை கேட்கிறவனை
அப்போதே கழித்துவிடுவேன்.
இங்கே ஒரு பெயர்,
பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம்.

‘ராஜமுத்திரை’ என்று ஒருவன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவனை நல்லவன் என்கிறார்கள்.
அத்தனையும் படித்தேன்.
எல்லாம் ஒரே வாரத்தில் எழுதியவை.
நம்பிக்கைக்கு எல்லாரும் ‘ப்’ போட்டிருந்தார்கள், நம்ப்பிக்கை.
“ஏலத்தை நிறுத்துங்க மேடம், கேட்டதுக்கு மேல தர்றேன்”
என்று எழுதினான்.
ஐந்தாவது நிமிஷம் பணம் போட்டதற்குப் படம் வந்தது,
பச்சை டிக்கோடு.

மேட்டூர் திறந்தாச்சு என்று
ஜூன் மாசம் டிவியில் பூ தூவுவார்கள்.
அது கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி,
ஒவ்வொரு மதகுக்கும் மனசு வந்து
எங்கள் வாய்க்காலைத் தொட எத்தனை நாளாகும் என்று
கடைமடைக்காரியிடம் கேட்க வேண்டும்.
சில வருஷம் படம் மட்டும் வரும்.
பேங்க் கணக்கைத் திறந்து பார்த்தேன்.
கால் நனையவில்லை.
அவனைத் தடுத்துவைத்தேன்.

‘ஆற்றோரம்’ அப்படியில்லை.
யார் கேட்டாலும் உடனே ஐநூறு மேலே.
தொந்தரவு இல்லை, ஒரு கேள்வி இல்லை.
நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொருவருக்கு முகமே இல்லை, சாம்பல் வட்டம்.
கணக்குத் தொடங்கி நாலு நாள்.
நட்சத்திரம் பூஜ்யம்.
பெயர் ஜெபமாலை.
கேட்டது ஒன்றே ஒன்று:
“ஒரு நாளைக்கு எவ்வளவு பின்தங்குது?”

பின்தங்கும்.
நாளுக்கு நாலு நிமிஷம்.
கண்ணாடிக் கீறல் வரை எழுதியிருந்தேன்,
இதை விட்டுவிட்டேன்.
பதில் எழுதுவதும் அழிப்பதுமாக
மணி ஒன்றாகிவிட்டது.

காற்றுக்காகக் கொல்லைப்பக்கம் போனேன்.
படித்துறையில் சின்ன வெளிச்சம், வைரக்கண்ணு.
பையனின் பழைய போன் கையில்.
அதில் எங்கள் கடிகாரம்.
கட்டைவிரல் ஐநூறு ஏற்றியது.
என் கையில் போன் துடித்தது.

“விலை ஏறட்டும்னுதான்.”
“ஜெயிச்சுட்டா?”
“மாட்டேன். சரியான நேரத்துல நிறுத்திடுவேன்.”
இறால் குட்டைக்குக் கடன் வாங்கும்போதும்
இதையேதான் சொன்னார்.

கீழே ஓடுவது அரிச்சந்திரா நதி.
பெயரை நான் வைக்கவில்லை, ஊருக்கு அப்படி வாய்த்தது.
கூத்தில் அவனும் நடுத்தெருவில் நின்று
பெண்டாட்டி பிள்ளையை விலை கூறியவன்தான்.
வாங்க வந்தவனுக்கு எத்தனை நட்சத்திரம் என்று
யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.
இந்த ராத்திரி ஆற்றை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது.
அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று
கல் எறிந்தால்தான் தெரியும்.

ஆற்றோரத்தை நீக்கினேன்.
விலை பதினோராயிரம் இறங்கியது.
அவர் ஒன்றும் பேசவில்லை.
மேலே மிச்சம் நின்றது சாம்பல் வட்டம்.
“நாலு நிமிஷம். முன்னாடியே எழுதியிருக்கணும்”
என்று அனுப்பினேன்.
போன் அணைந்தது.

கரண்ட் வந்தபோது விடிந்து, ஏலம் முடிந்திருந்தது.
“காரைக்காலிலிருந்து வர்றேன்,
பார்த்துட்டுக் கையில தர்றேன்.
எந்த பஸ் நிக்கும்?”
ஜெபமாலை ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது.
நம்பலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.
அங்கேயும் யாரோ
என்னை வைத்துக்கொண்டு யோசித்திருக்கலாம்.

பஸ் நம்பரை அனுப்பினேன்.
டப்பாவைத் திறந்து சாவி கொடுத்தேன்.
முள்ளை மட்டும்
திருத்தாமல் வைத்தேன்.