வெப்பியாரம்

வலப்பக்கம் அழுத்திப்
படத்தைச் சேமி என்கிறேன்.
சேமிக்கிறது.
புள்ளி, வெப்பி.

எங்கட பெயருக்கு முன்னால் நிற்கும் புள்ளி,
அப்பாவின் எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.
படங்களுக்குப் புள்ளி பின்னால்.
அதற்கும் பின்னால்தான் தெரியும்
யார் வீட்டுப் பிள்ளை என்று.

ஸ்ரான்லி வீதிக் கடையில்
நான் வேலை செய்யும் மென்பொருளுக்குப் பதின்மூன்று வயது.
களவாய் வந்து குடியேறியது,
இப்போது வீட்டுக்காரன் மாதிரி முறைக்கிறது.
வெப்பியைக் கண்டால்
சாதகம் பொருந்தாத சம்பந்தத்துக்குச் சொல்லியனுப்புவதுபோல்
ஒரே வரி:
திறக்க முடியாது.

பெயரை மாற்றிப் பார்த்தேன்.
வெப்பியை அழித்து ஜேபெக் என்று எழுதினேன்.
பேசாமல் ஏற்றுக்கொண்டது. நம்பினேன்.
வேறொருவன் பாஸ்போட்டில் பாரிஸுக்கு வெளிக்கிட்ட
என் மச்சான் சுகிர்தன்
பிடிபட்டது வாய் திறந்தபோதுதான்.
மூடியிருக்கும்வரை
எந்தப் பெயரும் பொருந்தும்.

மணி மூன்றரை.
நாலு மணிக்குக் கரண்ட் போகும் என்று காலையிலேயே அறிவித்தாயிற்று.
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு
பௌதிகவியல் ஜெயசீலராசா சேர்.
எட்டடிக்குப் பத்தடி பனர்.
உயர்தரம், புதிய வகுப்பு.
தனக்குப் பின்னால் ஒரு மின்னல் வெட்ட வேணுமாம்.
"நெற்றில எவ்வளவு கிடக்குது பிள்ளை,
ஒண்டை எடுத்துப் போடுறதுதானே."

கிடக்குது சேர்.
கடலிலும் மீன் கிடக்குது.

முதல் மின்னலுக்குக் குறுக்கே
எவனோ தன் பெயரைப் பதினாறு தரம் எழுதியிருந்தான்.
அடுத்தது திரையில் வானத்தளவு,
இறக்கினால் தபால் முத்திரையளவு.
எட்டடிக்கு இழுத்துப் பார்த்தேன்,
பூசாத மதிலில் செங்கல் எண்ணுவதுபோல் இருந்தது.
மூன்றாவது என்னை
மனிசியோ என்று கேட்டது.
பஸ் உள்ள கட்டங்களைத் தொடு.
தொட்டேன். எல்லாம் மஞ்சள் பஸ்.
பருத்தித்துறைப் பஸ் ஒன்றையாவது காட்டியிருந்தால்
சந்தேகமில்லாமல் நிரூபித்திருப்பேன்.

அதற்குள் நெஞ்சில் ஒரு வெப்பியாரம்.
அதன் முதல் மூன்று எழுத்தும்
புள்ளிக்குப் பின்னால்
என்னைப் பார்த்தபடி.

நாலாவது,
பின்னணி இல்லாத படம் என்று சத்தியம் பண்ணியது.
மின்னலுக்குப் பின்னால் சாம்பலும் வெள்ளையுமாய்க் கட்டங்கள்.
கட்டம் என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம்,
தொழில் தெரிந்த ஆருக்கும் தெரியும்.
சேருக்குப் பின்னால் வைத்தேன்,
மூன்று ஐம்பத்தாறு,
பெரிதாக்கிப் பார்க்க நேரமில்லை,
அச்சுக்கு அனுப்பினேன்.
கடைசி அடியும் வெளியே வந்து விழ
கரண்ட் போனது.

அடுத்த நாள் கொக்குவில் சந்தியில்
ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
சேர் சிரிக்கிறார்.
பின்னால் மின்னல்.
அதற்கும் பின்னால், எட்டடிக்குப் பத்தடி,
சாம்பல், வெள்ளை, சாம்பல், வெள்ளை.
எந்தக் கோதாரி விழுவானோ
ஒன்றுமில்லை என்பதைக்கூட
உட்கார்ந்து வரைந்து வைத்திருக்கிறான்.

மூன்று நாள் போனை நிறுத்தி வைத்தேன்.
முதலாளி குகநேசன் அண்ணைக்கு
அம்மைவருத்தம் என்று பொய் சொன்னேன்.
நாலாம் நாள் போனபோது
கடை வாசலில் இரசாயனவியல் சேர் நிற்கிறார்,
முகத்தில் ஒரு போட்டி.
"அவருக்குப் போட்ட அந்தக் கட்ட டிசைன்
எனக்கும் வேணும்.
கொஞ்சம் பெரிசாய்."

பழைய படத்தைத் தேடினேன்.
எந்தப் பெயரில் வைத்தேனோ, இல்லை.
பிறகென்ன,
ஒன்றுமில்லாததை இந்த முறை
நானே கீறினேன்,
கட்டம் கட்டமாய், இரவு ஏழுமட்டும்.
பில்லில் தனியாய் எழுதினேன்:
வடிவமைப்பு, ஆயிரத்து ஐந்நூறு.

சேர் மறுபேச்சில்லாமல்
எண்ணி வைத்தார்.