முள்ளோடைக்கு இந்தப் பக்கம்

எல்லைக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்.
ரெட்டிச்சாவடி தாண்டி, சவுக்குத்தோப்பின் ஓரம்
எங்கள் வீடு இரண்டு முறை இருமியது.
மூன்றாவதை முடிக்காமலே நின்றுவிட்டது.

ஆல்பேட்டையில் ஒரு பங்க் வந்தது, சொன்னேன்.
அடுத்து ஒன்று வந்தது, அதற்கும் சொன்னேன்.
பாண்டி எல்லைக்குள் போட்டால்
லிட்டருக்கு ஏழு ரூபாய் மிச்சம் என்றார் மெய்கண்டன்.
நாற்பது லிட்டருக்கு இருநூற்றெண்பது.
முள் சிவப்பைத் தொட்டபோது
"அது எப்பவும் பொய்தான் சொல்லும்."

கேனோடு யாரோ ஒருவர் பைக்கில் தொற்றிப் போய்
ஐந்து லிட்டர் வாங்கி வந்து ஊற்றினார்.
ஸ்டார்ட்டர் அழுதது, பேட்டரி களைத்தது.
பெட்ரோல் வண்டியாக இருந்தால் மன்னித்திருக்கும்.
டீசல் மனசில் வைத்துக்கொள்ளும்.

கலியவரதன் வந்தார், டிவிஎஸ் ஐம்பதில்,
முன்னால் ஸ்பானர் சாக்கு
பின்னால் வீட்டுக்கு வாங்கிய முருங்கைக்கீரை.
"லைன்ல காத்து பூந்துடிச்சு சார்."
மூச்சு போனால் நாம் நிற்கிறோம்,
இதற்கு மூச்சு புகுந்தால் நிற்கிறது.

"எஞ்சின் மூடியத் தொறக்கணும்மா."

பள்ளிக்கூட வேனாக இருந்ததை வீடாக்கியபோது
இரு சீட்டுக்கு நடுவே கிடந்த அந்த மூடிதான்
சாப்பாட்டு மேஜையானது.
காய் நறுக்குவது அதன்மேல்.
விழுப்புரம் வரை ஓட்டினால் போதும்,
அதன் சூட்டில் தோசைமாவு பொங்கிவிடும்.

ஆக, முதலில் வீட்டைக் காலி செய்தோம்.
அரிசி டப்பா, குக்கர், அஞ்சறைப்பெட்டி,
சுருட்டிய மெத்தை, மாவுத்தூக்கு,
துணி காயப்போட்ட கொடியோடு துணியும்,
சீட்டுக்கடியில் உருண்டு கிடந்த
அவருடைய இரும்புக் குண்டுகள் இரண்டு.
தினம் காலையில் தூக்கப்போவதாகச் சொல்லி
ஒன்பது மாதமாக வண்டி தூக்கிக்கொண்டிருப்பவை.

எல்லாவற்றையும் தார்ப்பாயில் பரப்பியதும்
ஸ்கூட்டியில் போன ஓர் அம்மா நிறுத்தினார்.
"குக்கர் எவ்ளோ?"
விற்கிறதுக்கில்லை என்றேன்.
மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே இரண்டு பேரும் தலைகீழாக.
ஃபில்டர் தலையில் திருகைத் தளர்த்திவிட்டு
கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்குகிறார் கலியவரதன்.
நுரை வருகிறது, பழைய மோர் மாதிரி.
அமுக்கு. நுரை.
அமுக்கு. குமிழி.
"இன்னும் கொஞ்சம் அடிங்க சார்" என்று
இவரை விட்டு அடிக்கச் சொல்லிவிட்டு
பீடி பற்றவைக்காமல் வாயில் மட்டும் வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பையன் வந்தான்,
கை இல்லாத பனியன், கையில் கொஞ்சம் சதை.
குண்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"ஐந்நூறு" என்றது என் வாய்.
"முந்நூறு."
முந்நூற்றைம்பதில் நின்றது.
பக்கத்துக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு
தோப்புக்குள் நடந்தான்.
நடக்கும்போதே இரண்டு முறை மடக்கிப் பார்த்தான்.

நுரை நின்று
திருகின் இடுக்கில் டீசல் நூலாக வடிந்தது,
குமிழி இல்லாமல், செக்கிலிருந்து வருகிற மாதிரி.
இன்ஜெக்டர் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி
துப்ப வைத்து, மறுபடி இறுக்கி
"இப்ப அடிங்க" என்றார்.
அடித்தார்.
தோப்புக் காகமெல்லாம் எழும்ப
வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு ஒன்றுமில்லை.

கூலி அறுநூறு, செப்பு வாஷர் நாற்பது.
பால் கணக்கு நோட்டில் எழுதினேன்:
செலவு அறுநூற்று நாற்பது.
மிச்சம் பிடிப்பது இருநூற்றெண்பது.
இதர வரவு முந்நூற்றைம்பது.
பத்து ரூபாய் துண்டு விழுகிறது.

முள்ளோடையில் டேங்க் நிரப்பிக்கொண்டு
கிருமாம்பாக்கம் தாண்டும்போது
ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.
"கலியவரதன் கைராசியப் பாத்தியா,
வண்டி லேசா இழுக்குது.
வளைவுல தடக் தடக்னு ஒரு சத்தம் வருமே,
அதுவும் நின்னுபோச்சு."

ஆமாம் என்றேன்.
மாவுத்தூக்கை மூடியின் மேல்
சூடு படுகிற இடமாகப் பார்த்து
நகர்த்தி வைத்தேன்.