தடைக்கால வோல்டேஜ்

மண்டபத்தில் எங்கள் ஆய்வுக்கூடமும்
சீனி இபுறாகீமின் ஐஸ் கம்பெனியும்
ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்குகின்றன.
அவர் கம்ப்ரசர் உதைத்துக் கிளம்பினால்
என் திரை கண் சிமிட்டும்.
பதினெட்டு மணி நேரம் இறக்கிய குளிர்
பொசுக்கென்று மேலேறும்.

அதனால் எனக்கு வருஷம் என்பது
அறுபத்தொரு நாள்.
விசைப்படகுகளில் பெயிண்ட் காயும்போதுதான்
வெள்ளியை ஆவியாக்கி
ஹீலியத் துளிகளுக்குள் விடுகிறேன்.
இரண்டாய், ஐந்தாய், பதினொன்றாய்
அணுக்கள் கூடிக்கொள்ளும்.
எண்ணி வாய் மூடுமுன் போய்விடும்.

இந்தத் தடவை மூன்று வாரம்
கசிவு தேடியே கழிந்தது.
போல்ட் போல்ட்டாய் ஹீலியம் ஊதி
கடைசியில் கிழக்குப் பக்கத் தாமிர வளையத்தில்
உப்பு. ஒரே ஒரு பொடி.
சன்னலை யார் திறந்தது என்று கத்தினேன்.
நான்தான்.

இபுறாகீம் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.
"எம்புட்டுக் குளிரு?"
"காத்தே கல்லாப் போயிரும்ணே."
"மீனு வைக்கலாமா?"
"செதில்ல ஒரு ஓரம் வைக்கலாம்."
அவர் சிரிக்கவில்லை.
ஆலை பூட்டிக் கிடக்கும் மாதம்.

ஜூன் பன்னிரண்டு, ராத்திரி இரண்டே கால்.
ஒன்பதுக்கு நேரே ஒரு கோடு
நெட்டுக்குத்தலாய் எழுந்தது.
பக்கத்தில் பத்து, குட்டையாய்.
ஒன்பது வெள்ளி அணுக்கள்
ஒன்றையொன்று விடமாட்டேன் என்கின்றன.
சரிபார்க்க இன்னும் ஒரு ராத்திரி போதும்.

வெளியே டீசல் வாசம்.
ஐஸ் உடைக்க ஆள் கூப்பிடும் சத்தம்.
ட்யூப்லைட் ஒருமுறை மங்கி
திரும்ப எரிந்தது.