பதினோராம் அத்தியாயம்

பகாவ் செம்பனை ஆலை, ஆய்வுக்கூடம், இரவு ஷிப்ட்.
இரண்டு மணிக்கொரு மாதிரி.
சொட்டுச் சொட்டாய்க் காரம் விட
எண்ணெயின் அமிலம் அடங்கி
இளஞ்சிவப்பு நிற்கும்.
குறித்துவிட்டால் அடுத்த மாதிரிவரை
பதிவுத்தாளின் முதுகு என்னுடையது.

நாவலில் ஓர் அஸ்திரம்.
கடாரத்துச் சேற்றிலிருந்து
அணுவியல் படித்த மாதங்கி தோண்டியெடுக்கிறாள்.
வளரியின் வளைவு. யுரேனியத்தின் கனம்.
ஓதினால் விழிக்கும்.
மந்திரம் என்பது அதிர்வெண்தான் என்று
ஏழாம் அத்தியாயத்தில் நிறுவியாயிற்று.
படித்த கிராணி பரஞ்சோதி கேட்டார்:
"அப்போ திருவிழா மைக்செட்டுக்கே வெடிச்சிருமே?"
எட்டாவதைத் திருத்த ஒரு மாதம் ஆனது.

பதினொன்றில் நின்றுவிட்டது.
ஏவிவிட்டாள். திருப்பியழைக்கத் தெரியவில்லை.
புராணத்தில் அதற்கும் ஒரு மந்திரம் உண்டு.
நான் இயற்பியலில் தேடினேன்:
அலையை அழிக்கும் எதிரலை,
நியூட்ரானை விழுங்கும் போரான்.
காகிதத்தில் எல்லாம் சரியாக வந்தது.
சரியாக வந்ததாலேயே கிழித்தேன்.

நேற்று ஷிப்ட் முடியும் நேரம்
மருந்தடிக்கும் ஜெகதா ஓடிவந்தாள்.
கண் கழுவும் குழாய் எங்களிடம்தான் இருக்கிறது.
முதுகுக் கலனின் மூடி கசிந்து,
துடைத்த கையாலேயே கண்ணைத் தேய்த்திருக்கிறாள்.
நான் இமையை விரித்துப் பிடித்தேன்.
தண்ணீர். பதினைந்து நிமிடம். சுவர்க்கடிகாரம்.
"மருந்துதானே, ஒண்ணும் ஆகாது" என்றாள்
குழாய்க்குள் பேசுவதுபோல.

களையைக் கொல்வதற்கு
மருந்து என்று பெயர் வைத்தது யார்?

தரையில் கிடந்த கலனில் ஒரு சிட்டை.
பட்டால் என்ன, விழுங்கினால் என்ன
எல்லாம் பொடியெழுத்தில்.
கடைசியில் மலாயில் இரண்டே சொல்:
முறிமருந்து இல்லை.
அதை மட்டும் அவளுக்குப் படித்துக்காட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்.
பேர் போட்டாச்சு, அரைநாள் போயிரும் என்றாள்.
போகிற போக்கில், சிவந்த கண்ணோடு,
"அந்தப் பொண்ணு இன்னும் தோண்டிக்கிட்டா இருக்கா?"

இன்றிரவு, இரண்டாம் மாதிரிக்குப் பிறகு
பதினோராம் அத்தியாயம்.
மாதங்கி ஓதுகிறாள். சுருதி பிசகவில்லை.
அஸ்திரத்துக்குக் கேட்கிறது.
திரும்பவில்லை.

அவள் ஏட்டை மூடிவிட்டு
குழாயைத் தேடி ஓடுகிறாள்.